யாருக்காகப் பூசினார்கள்?

மனிதன் எப்போது மனிதனானான் என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர்கள், மிகவும் சாதாரணமான ஒரு கல்லை நடுவில் வைத்துக்கொண்டு பல வருஷங்களாக வாதாடி வருகிறார்கள். அந்தக் கல் காவிக்கல். நம் கோயில் மதில்களில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டையாக ஓடுகிறதே, அந்தக் காவிதான். இரும்புத் துருவின் இனத்தைச் சேர்ந்தது. சிவப்பாகவும் கிடைக்கும், மஞ்சளாகவும் கிடைக்கும். மஞ்சளை நெருப்பில் சுட்டால் அதுவும் சிவப்பாகிவிடும். பசிக்கு உதவுகிற பொருள் அல்ல. வேட்டைக்கு ஆயுதமாகிற பொருளும் அல்ல. ஆனால் ஆப்பிரிக்காவில் ஆதி மனிதர்கள் இதைத் தேடி எடுத்துக் குகைக்குக் கொண்டுவந்து, தேய்த்தும் அரைத்தும் பொடியாக்கியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான தலைமுறைகளாக இதைச் செய்திருக்கிறார்கள். எதற்காக?

இந்தக் கேள்வியில் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். காவி ஏதோ ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது, அவ்வளவுதான் என்கிறது ஒரு கட்சி. இல்லை, அது அடையாளம், குறியீடு. மனிதனுடைய கற்பனைக்கு முதல் சாட்சி என்கிறது மற்றொரு கட்சி. நம் இலக்கியப் பத்திரிகைகளில் உருவமா உள்ளடக்கமா, கலை கலைக்காகவா வாழ்க்கைக்காகவா என்று நடந்த சர்ச்சைகளைப் படித்தவர்களுக்கு இந்த வாதத்தின் குரல் பழக்கமானதாகவே இருக்கும். கதை எழுதுகிறவனுக்கும் கதை படிக்கிறவர்களுக்கும் இந்த வழக்கில் ஒரு பாத்தியதை உண்டு என்பது என் அபிப்பிராயம். அதை நிரூபிக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

முதலில் மூலத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு உரைகளுக்குப் போவதுதான் முறை. மூலம், தென்னாப்பிரிக்காவின் தெற்குக் கரையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சிறு குகையில் கிடைத்தது. பிளாம்போஸ் என்று அதற்குப் பெயர். கேப் டவுனிலிருந்து கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர். 1990-களின் தொடக்கத்திலிருந்து கிறிஸ்டோபர் ஹென்ஷில்வுட் என்ற தொல்பொருள் அறிஞரும் அவருடைய சகாக்களும் அங்கே அகழ்ந்து பார்த்தார்கள். 8000-க்கு மேற்பட்ட காவித் துண்டுகள் அகப்பட்டன. அவற்றில் இரண்டைப் பற்றி 2002-ல் அவர்கள் எழுதினார்கள். சுமார் 77,000 வருஷங்களுக்கு முந்தியவை. கல்லின் ஒரு முகத்தை முதலில் சுரண்டித் தேய்த்துச் சமமாக்கிக்கொண்டு, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னல் கோடுகள் கீறியிருக்கிறார்கள். ஒரு துண்டில் அந்தப் பின்னலுக்கு மேலும் கீழும் நடுவிலுமாக நீளக் கோடுகள் ஓடுகின்றன. கை தவறி விழுந்த கீறல் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே மிருகம் இல்லை, மனித உருவம் இல்லை, சூரிய சந்திரர் இல்லை. கோடுகள் மட்டும்தான்.

2011-ல் அதே குகையிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. சுமார் 1,00,000 வருஷத்துப் பழமையான மண்ணடுக்கில், உட்புறம் முத்துப்போல் பளபளக்கும் இரண்டு பெரிய கடற்சிப்பி ஓடுகள். இரண்டிலும் காவிக் குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. காவியைக் கல்லில் தேய்த்துப் பொடியாக்கி, சூடாக்கிய எலும்பை நொறுக்கிச் சேர்த்து, கரித்தூளும் ஏதோ திரவமும் விட்டுக் கலக்கியிருக்கிறார்கள். அரைத்த கல் பக்கத்தில் கிடந்தது. காவி ஒட்டிய எலும்பும் கிடந்தது. நம் வீட்டுப் பெண்கள் பக்குவம் என்று சொல்வார்களே, அப்படி ஒரு பக்குவம் இது. வேலை செய்தவர்கள் சாமான்களை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு காற்று மணலைக் கொண்டுவந்து மூடிவிட்டது.

காவியின் கதை இதைவிடவும் பழையது. அதே கரையில் உள்ள பின்னக்கிள் பாயிண்ட் என்ற இடத்துக் குகையில் 1,64,000 வருஷத்துக்கு முந்திய காவித் துண்டுகள் 57 கிடைத்ததாகக் கர்ட்டிஸ் மாரியன் குழுவினர் 2007-ல் எழுதினார்கள். அவற்றில் நல்ல சிவப்பாக இருந்தவற்றையே விரும்பி எடுத்துத் தேய்த்திருப்பதாகவும் சொன்னார்கள். கென்யாவில் ஓலோர்கெசைலி என்ற இடத்தில் சுமார் 3,00,000 வருஷத்துக்கு முன்பே நிறக்கற்களைக் கொண்டுவந்து உபயோகித்திருக்கிறார்கள். எண்களைக் கண்டு மலைக்க வேண்டாம். நம் இலக்கியத்தின் வயதெல்லாம் இந்தக் கணக்கில் ஒரு மாலைப்பொழுது என்று நினைத்துக்கொண்டால் போதும்.

இனி உரைகள். காரியக் கட்சியை அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடாது. அவர்கள் கையால் செய்து பார்த்துப் பேசுகிறவர்கள். தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையை ஆராய்ந்த லின் வாட்லி என்ற அம்மையார், அங்கே கிடைத்த கல்முனைகளில் காவி கலந்த பசை ஒட்டியிருப்பதைக் கண்டார். தாமே மரப்பிசினில் காவிப் பொடியைக் கலந்து, நெருப்பருகில் காயவைத்து, கல்லைக் கம்பில் ஒட்டிப் பார்த்தார். வெறும் பிசின் எளிதில் உடைந்துபோகிறது. காவி சேர்ந்தால் கெட்டியாகப் பிடிக்கிறது. தோலைப் பதப்படுத்தக் காவி உதவியிருக்கும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நமீபியாவில் ஹிம்பா இனப் பெண்கள் வெண்ணெயில் காவியைக் குழைத்து உடலிலும் கூந்தலிலும் பூசிக்கொள்கிறார்கள். காவிப் பூச்சு வெயிலின் கடுமையைத் தடுக்கும் என்பதும் சோதித்துக் கண்ட விஷயம்தான்.

இவ்வளவும் வாஸ்தவம். ஆனால் இதிலிருந்து 'ஆகவே அடையாளம் என்று எதுவும் இல்லை' என்ற முடிவுக்குத் தாவுவதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. ஹிம்பாக்களையே எடுத்துக்கொள்வோம். அங்கே காவி பூசிக்கொள்வது பெண்களின் வழக்கம். ஆண்கள் அப்படிப் பூசிக்கொள்வதில்லை. சூரியன் ஆண் பெண் என்று பார்த்தா சுடுகிறது? வெயிலைத் தடுப்பது மட்டும்தான் நோக்கமென்றால் இந்த வித்தியாசம் எதற்கு? பூச்சு தோலைக் காக்கிறது. அதே நேரத்தில் 'நான் இன்னார்' என்றும் சொல்கிறது. ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்கக்கூடாது என்று யார் விதித்தார்கள்? பிளாம்போஸ் சிப்பியில் இருந்த குழம்பிலோ பிசினும் இல்லை, மெழுகும் இல்லை. அது பசைக்காகக் கலக்கியதல்ல. வாட்லி அம்மையாரே கடைசியில் என்ன சொன்னார்? இத்தனை பொருளை இந்த அளவில் கலந்து, நெருப்பைக் கவனித்து, பதம் பார்த்துப் பசை செய்கிறவனுக்கு நம்மைப்போன்ற மூளை இருந்திருக்க வேண்டும் என்றார். பசையை வைத்துத் தொடங்கிய வாதமும் மனத்தில்தான் வந்து முடிந்தது.

அடையாளக் கட்சியின் பலவீனம் வேறு விதமானது. குறியீடு, குறியீடு என்கிறார்களே, எதன் குறியீடு, யார் யாருக்குக் காட்டியது என்று கேட்டால் பலர் மௌனமாகிவிடுகிறார்கள். நம் விமரிசகர்களிலும் இந்த ரகம் உண்டு. ஒரு நாவலில் மழை பெய்தால் குறியீடு, விளக்கு அணைந்தால் குறியீடு என்று எழுதுவார்கள். எதற்கு என்று சொல்லமாட்டார்கள்.

மௌனமாகாமல் துணிந்து பதில் சொன்னவர் கிறிஸ் நைட் என்ற ஆங்கிலேய மானிடவியல் அறிஞர். 1991-ல் வெளியான அவருடைய புத்தகத்தில் தொடங்கி, கமில்லா பவர், இயன் வாட்ஸ் ஆகியோரும் சேர்ந்து வளர்த்த கொள்கை அது. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: மாதவிலக்கின் ரத்தம், ஒரு பெண் விரைவில் கருத்தரிக்கக்கூடும் என்பதை வெளியே காட்டிவிடுகிறது. ஆண்கள் அவளையே சுற்றுவார்கள்; கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைக்காரிகளையும் கவனிக்க ஆள் இராது. ஆகவே பெண்கள் ஒன்றுகூடி, எல்லோருமே ரத்தம்போன்ற சிவப்பைப் பூசிக்கொண்டார்கள். யார் எந்த நிலையில் இருக்கிறாள் என்பது மறைந்தது. 'போய் வேட்டையாடி இறைச்சி கொண்டுவா, பிறகு பார்க்கலாம்' என்பது அந்தச் சிவப்பின் பேச்சு. சடங்கும் கூத்தும் கதையும் அங்கிருந்துதான் பிறந்தன என்கிறார்கள்.

கதை கட்டுகிறவன் என்ற முறையில் இதை என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை. பாத்திரங்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயிற்றுப்பாடு இருக்கிறது, ஒரு தந்திரம் இருக்கிறது. மஞ்சள், கறுப்பு எல்லாவற்றையும்விடச் சிவப்பே அதிகம் தேடப்பட்டிருக்க வேண்டும் என்று இந்தக் கொள்கை எதிர்பார்க்கிறது. பிளாம்போஸ் துண்டுகளைப் பொறுமையாகப் பரிசீலித்த வாட்ஸ், அழுத்தமான சிவப்பையே அவர்கள் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கண்டார். ஆனாலும் கதை மிக நன்றாகப் பொருந்திவிட்டால் சந்தேகப்படுவது என் தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம். சிவப்பை விரும்பினார்கள் என்று கல் சாட்சி சொல்கிறது. பூசிக்கொண்டவர்கள் பெண்களா ஆண்களா, எந்த நாளில், எந்த எண்ணத்தோடு என்றெல்லாம் அது சொல்லவில்லை. சிவப்பு கண்ணைப் பறிக்கும் நிறம். பழுத்த கனிக்கும் அதே நிறம், வேட்டையில் சிந்திய ரத்தத்துக்கும் அதே நிறம். ஒரு கல்லிடமிருந்து முழு நாவலையே வாங்க முயல்கிறார்கள்.

கல்லும் எலும்பும் சொல்லாததையெல்லாம் சொல்லவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1823-ல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த வில்லியம் பக்லண்ட், பவிலாண்ட் கடற்கரைக் குகை ஒன்றில் ஓர் எலும்புக்கூட்டை எடுத்தார். தலை இல்லை. எலும்புகளெல்லாம் காவியில் சிவந்திருந்தன. பக்கத்தில் சிப்பிகளும் தந்தத்தால் செய்த கோல்களும் இருந்தன. அலங்காரம் இருக்கிறது, ஆகவே பெண். பக்கத்தில் பழைய பாசறை இருக்கிறது, ஆகவே ரோமானியர் காலத்தவள். அவள் நல்ல ஒழுக்கமுள்ளவளாகவும் இருந்திருக்க முடியாது என்று அவர் கதை கட்டினார். 'பவிலாண்டின் சிவப்புச் சீமாட்டி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் பரிசோதித்தபோது அது ஓர் இளைஞனின் எலும்பு என்றும், சுமார் 33,000 வருஷத்துக்கு முந்தியது என்றும் தெரிந்தது. பக்லண்ட் சாமானியர் அல்ல, பெரிய அறிஞர். ஆனால் தம் காலத்து மனிதர்கள் பெண்ணைப் பற்றியும் நகையைப் பற்றியும் நினைத்ததைத்தான் அவர் அந்தச் சிவப்பில் படித்தார்.

இல்லாததைப் படிப்பது ஒரு பிழை. இருப்பதைப் பார்க்க மறுப்பது அதற்கு இணையான பிழை. 1879-ல் ஸ்பெயினில் அல்தமிரா குகைக்குள் மார்செலினோ சான்ஸ் டி சௌதுவோலா என்பவர் தரையைக் குனிந்து தோண்டிக்கொண்டிருக்க, அவருடைய சின்னப் பெண் மரியா நிமிர்ந்து பார்த்து விதானத்தில் காட்டெருமைகளைக் கண்டாள். அவர் அடுத்த வருஷமே அவற்றைப் பற்றி எழுதினார். கற்கால மனிதனுக்கு இவ்வளவு கைத்திறமையா என்று பண்டிதர்கள் சிரித்தார்கள். மோசடி என்றுகூடப் பேச்சு எழுந்தது. அந்த அவப்பெயரோடேயே அவர் 1888-ல் இறந்தார். எதிர்த்தவர்களில் முக்கியமானவரான எமில் கார்த்தைலாக் தம் தீர்ப்பை அச்சில் வாபஸ் வாங்கிக்கொண்டது 1902-ல்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பியக் குகைச் சித்திரங்கள் ஒருமுறை அங்கீகாரம் பெற்றதும் அவையே அளவுகோலாகிவிட்டன. சுமார் 40,000 வருஷங்களுக்கு முன் ஐரோப்பாவில் மனித மனம் திடீரென்று விழித்துக்கொண்டது என்று பாடம் சொல்லப்பட்டது. எருமை வரைந்தவன் கலைஞன். கோடு கீறியவன் கணக்கில் இல்லை. 2000-த்தில் ஸாலி மெக்ப்ரியர்ட்டி, ஆலிஸன் ப்ரூக்ஸ் என்ற இரு பெண் அறிஞர்கள், அப்படி ஒரு புரட்சி நடக்கவே இல்லை, ஆப்பிரிக்காவில் வெகு முன்பிருந்தே சிறுகச் சிறுக வளர்ந்து வந்ததுதான் இது என்று விரிவாக எழுதிக் காட்டினார்கள். எது கலை என்று தீர்ப்பளிக்கிறவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து தீர்ப்பளிக்கிறார்கள் என்பதும் விமரிசனத்தில் முக்கியந்தான்.

சரி, அந்தக் கோடுகளுக்கு அர்த்தம் உண்டா, இல்லையா? இதற்கு எனக்குப் பிடித்த பதில் ஒரு பரிசோதனையிலிருந்து கிடைத்தது. பிளாம்போஸ் கோடுகள் அந்த இரண்டு துண்டுகளோடு நிற்கவில்லை. கீறல் உள்ள வேறு துண்டுகளும் அங்கே கிடைத்தன. சில 1,00,000 வருஷத்துப் பழமையானவை. கல் சில்லு ஒன்றில் காவித் துண்டையே எழுதுகோலாகப் பிடித்து இழுத்த ஒன்பது கோடுகளும் இருந்தன. அது 73,000 வருஷத்துப் பழசு என்று 2018-ல் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவிலேயே டீப்க்ளூஃப் என்ற பாறைக்குடைவில், சுமார் 60,000 வருஷத்துக்கு முன் தண்ணீர்க் குடுவையாக வைத்திருந்த தீக்கோழி முட்டை ஓடுகளில் கோலங்கள் கீறியிருக்கிறார்கள். 2010-ல் எழுதியபோது 270 துண்டுகளைக் கணக்கில் கொண்டார்கள். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவன ஒரு சில மாதிரிகள்தாம்.

இந்த இரண்டு இடத்துக் கோடுகளையும் இன்றைய மனிதர்களுக்குக் காட்டி, டென்மார்க்கின் ஆர்ஹஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிறிஸ்டியன் டைலேனும் சகாக்களும் சோதித்தார்கள். முடிவை 2020-ல் வெளியிட்டார்கள். காலம் செல்லச் செல்ல அந்தக் கோடுகள் கண்ணில் சட்டென்று படுவனவாகவும், நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி போட எளியனவாகவும், ஒரு மனிதன் வேண்டுமென்றே போட்டவை என்று தெரிவனவாகவும் மாறிவந்திருக்கின்றன. ஆனால் ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் கற்பித்து, இது இந்தப் பொருளுக்கு, அது அந்தப் பொருளுக்கு என்று வார்த்தைபோல் வழங்கியதற்கு ஆதாரம் இல்லை.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அங்கே பாணி பிறந்துவிட்டது. இன்னதுதான் கருத்து என்று சொல்ல எதுவும் பிறக்கவில்லை. நம்முடைய பழைய சர்ச்சையின் மொழியில் சொன்னால், உருவம் முதலில் வந்திருக்கிறது. உள்ளடக்கம் என்று நாம் சொல்வது பிற்பாடு வந்து குடியேறியிருக்கிறது. கதையைப் படித்து முடித்ததும் 'இதில் சொல்லவந்த கருத்து என்ன?' என்று கேட்கிறவர்கள், மனிதகுலம் இந்தக் கேள்வி இல்லாமலே வெகுகாலம் கலையோடு வாழ்ந்திருக்கிறது என்பதை அறிவது நல்லது.

ஆனால் உருவவாதிகள் இதைக் கேட்டு உடனே வெற்றி முரசு கொட்ட வேண்டியதில்லை. பாணி என்பது தனி ஆள் சொத்து அல்ல. ஒருவன் கீறினான், அது கீறல். இன்னொருவன் அதைப் பார்த்து, இது நம்முடையது என்று கண்டுகொண்டு, தானும் அப்படியே கீறினான். அப்போதுதான் அது பாணி. சிப்பியில் கலக்கிய குழம்பும் அப்படித்தான். இரண்டு சிப்பியில் ஒரே பக்குவம் என்றால், ஒருவர் சொல்லிக்கொடுக்க மற்றொருவர் கற்றுக்கொண்டதாகத்தான் கொள்ள வேண்டும். பூச்சும் அப்படியே. தன் முகத்தில் பூசிக்கொண்ட சிவப்பைத் தானே பார்த்துக்கொள்ளக் கண்ணாடி இல்லாத காலம் அது. எதிரில் நிற்கிறவர் கண்தான் கண்ணாடி. நைட்டின் கொள்கையில் நான் எடுத்துவைத்துக்கொள்ள விரும்புவதும் இந்த ஒரு விஷயத்தைத்தான். பெண்கள்தானா, மாதவிலக்குத்தானா என்ற தீர்ப்பை ஆராய்ச்சியாளர்களுக்கு விட்டுவிடலாம். ஒரு கூட்டம் சேர்ந்து, இது ரத்தம் அல்ல, காவி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், ரத்தம் என்றே வைத்துக்கொள்வோம் என்று சம்மதித்திருக்கலாம் என்கிறாரே, அது பெரிய எண்ணம். அந்தச் சம்மதம் எந்தக் காரணத்துக்காக நடந்திருந்தாலும் சரி, அது இல்லாமல் குறியீடு இல்லை.

நாவல் படிக்கிறவர்கள் தினமும் செய்வது இதையேதான். இந்த மனுஷி இருந்ததில்லை, இந்தத் தெரு இல்லை, இந்தச் சாவு நடக்கவில்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்டே கண்கலங்குகிறார்கள். ஏமாந்துபோய் அழவில்லை, ஒப்புக்கொண்டு அழுகிறார்கள். எழுத்தாளர்கள் தங்களை ஆதி சிருஷ்டிகர்த்தாக்களின் வாரிசு என்று பெருமை பேசிக்கொள்வது உண்டு. காவித் துண்டின் கணக்குப்படி பார்த்தால் வாசகர்களின் வம்சமும் அதே அளவு பழமையானது. பூசிக்கொண்டு வந்து நின்றவனைப் பார்த்து 'ஆமாம்' என்று தலையசைத்தானே, அவனும் குறியீட்டைப் படைத்தவன்தான்.

ஆகவே காரியமா அடையாளமா என்ற கேள்வியை நான் வேறு விதமாகக் கேட்பேன். எதற்காகப் பூசினார்கள் என்பதற்குக் கல்லிடமிருந்து முழுப் பதில் வராது. வந்ததாகச் சொல்கிறவர்களிடம் பவிலாண்டுச் சீமாட்டியை நினைவூட்டலாம். யாருக்காகப் பூசினார்கள் என்று கேட்டால் பதில் இருக்கிறது. பார்க்க ஒருவர் இருந்தார் என்பதற்காகப் பூசினார்கள். மணல் மூடிய அந்த இரண்டு சிப்பிகளை விட்டுவிட்டு வெளியே போனவர்கள், யாரோ காத்திருக்கும் இடத்துக்குத்தான் போயிருப்பார்கள்.